வாசற்படியில் பீடி, பையனுக்குக் காதில் சீழ்

கேள்வி: பல்லடம் பக்கம் குடியிருக்கிறோம். என் வீட்டுக்காரர் தறிக்குடோனில் இரவு ஷிப்ட் முடித்து வந்து வாசற்படியில் உட்கார்ந்து பீடி குடிப்பார். மூன்றாம் வகுப்புப் படிக்கும் மகனுக்கு அடிக்கடி காதில் சீழ் வடிகிறது. புகையால் தொண்டையில் கிருமி சேரும் என்கிறார்களே, உண்மையா? தொண்டைச் சளியைப் பரிசோதிக்க வேண்டுமா?

பதில்: புகை கிருமியைக் கொண்டுவருவதில்லை, வந்த கிருமி தங்குவதற்கு வழிசெய்கிறது. நிமோகாக்கஸ் போன்ற பாக்டீரியாக்கள் நலமாயிருக்கும் பிள்ளைகள் பலரின் மூக்குக்குப் பின்புறம் எந்தத் தொந்தரவும் தராமல் சில வாரங்கள் இருந்துவிட்டுப் போகும். அது நோயன்று. மூக்கின் உட்சவ்விலுள்ள நுண்ணிய மயிரிழைகள் சளியோடு கிருமியையும் ஓயாமல் தொண்டைக்குத் தள்ளிக்கொண்டிருக்கும். புகை அவற்றின் அசைவை மந்தமாக்கிச் சவ்வையும் வீங்கச் செய்வதால், கிருமி எளிதில் ஒட்டிக்கொள்கிறது, நடுக்காதுக்குச் செல்லும் குழாய் அடைபடுகிறது, உள்ளே தேங்கும் நீர் சீழாகிச் செவிப்பறையைத் துளைத்துக்கொண்டு வெளியேறுகிறது. மூளைக்காய்ச்சலை உண்டாக்கும் மெனிங்கோகாக்கஸ் கிருமி புகைப்பவர்களின் தொண்டையில்தான் கூடுதலாகக் காணப்படுகிறது என்பதால், தந்தையின் இருமல் வழியாகவும் பிள்ளைக்குக் கிருமி தொற்றலாம்.

தறி ஓடும் ஊர்களில் எல்லாப் பழியையும் பஞ்சுத் தூசி மேல் போட்டுப் பீடியைத் தப்பவிடுவது வழக்கம். தூசியும் மூக்கை உறுத்தும்தான். ஆனால் அதைச் சொல்லிப் புகையை மன்னிக்க முடியாது.

சளிப் பரிசோதனை தேவையில்லை. கிருமி இருப்பதாக முடிவு வந்தாலும், நோயில்லாதபோது அதற்காக ஆன்டிபயாடிக் கொடுப்பதில்லை. கொடுத்தால் மருந்துக்கு அடங்காத கிருமிதான் மிஞ்சும். காதில் எண்ணெய் காய்ச்சி ஊற்றுவதை நிறுத்திவிட்டு, குளிக்கும்போது தண்ணீர் புகாமல் பார்த்துக்கொண்டு, காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் செவிப்பறையைக் காட்டுங்கள். காய்ச்சலோடு கழுத்து விறைப்பு, ஓயாத வாந்தி, அழுத்தினாலும் மறையாத சிவந்த புள்ளிகள் இவற்றில் எது தெரிந்தாலும் உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள். குழந்தைகளுக்கு நிமோகாக்கஸ் தடுப்பூசி 6 வாரம், 14 வாரம், 9 மாதத்தில் அரசு சுகாதார நிலையங்களில் இலவசம்.

2003ஆம் ஆண்டுச் சட்டம் பொது இடத்தில் புகைப்பதைத் தடுக்கிறது. வீட்டுக்குள் அது வராது. வாசற்படியை வெளியிடமாகக் கருத வேண்டாம். கதவு திறந்திருந்தால் புகை பையன் படுத்திருக்கும் பாய் வரை வரும். சன்னலைத் திறப்பதும் மின்விசிறியைப் போடுவதும் போதா. பீடியை அடியோடு விடுவதற்கு அவர் 1800-11-2356 என்ற இலவச எண்ணில் ஆலோசனை கேட்கலாம். அதுவரை வீட்டை விட்டுத் தள்ளிப்போய்க் குடித்துவிட்டு, கைகழுவிச் சட்டை மாற்றிய பிறகே பையனைத் தூக்கட்டும்.