பல்கலைக்கழக வளாகங்களில் ‘தள்ளிப்போட்ட பராமரிப்பு’ என்கிறார்களே, அது என்ன?

செய்ய வேண்டிய நேரத்தில் செய்யாமல், பணம் இல்லை என்று அடுத்த ஆண்டுக்கு ஒதுக்கிவைத்த பழுதுபார்ப்பு வேலைகளின் மொத்த பாக்கிதான் அது.

1960, 70களில் பல நாடுகளில் உயர்கல்வி வேகமாக விரிந்தது; வளாகங்கள் மளமளவென்று எழுந்தன. ஒன்றாகக் கட்டியவை ஒன்றாகத்தானே வயதாகும்? கூரை, குழாய், மின்கம்பி, லிஃப்ட் எல்லாம் ஏறக்குறைய ஒரே காலத்தில் மக்கர் செய்கின்றன. போதாக்குறைக்கு, புதுக் கட்டடம் என்றால் நன்கொடை தர ஆள் கிடைக்கும், பெயர்ப்பலகை வைக்கலாம். கழிவுநீர்க் குழாயில் யார் பெயரைப் பொறிப்பது?

சொத்தைப் பல் மாதிரிதான். சின்னதாக இருக்கும்போது அடைத்தால் சரி, விட்டால் வேர்வரை போய்விடும். மொட்டைமாடியில் ஒரு விரிசல் என்று வையுங்கள். தண்ணீர் இறங்கி உள்ளே கம்பி துருப்பிடிக்கும். துரு, இரும்பைவிட அதிக இடம் பிடிக்கும் என்பதால் கான்கிரீட்டைப் பிளந்துகொண்டு வரும். பூச்சு வேலையோடு முடிந்திருக்க வேண்டியது, தளத்தையே இடிப்பதில் போய் நிற்கும்.

எதை முதலில் சரிசெய்வது? பாக்கி வேலைக்கான செலவை, அதே கட்டடத்தைப் புதிதாகக் கட்ட ஆகும் செலவோடு ஒப்பிடுகிறார்கள். 5 சதவீதத்துக்குள் இருந்தால் நல்ல நிலை, 10ஐத் தாண்டினால் மோசம் என்பது பரவலான கணக்கு. இந்த எண்ணை மட்டும் நம்பினால் போதாது என்பேன். வேதியியல் ஆய்வகத்தில் நச்சுப்புகையை வெளியேற்றும் விசிறி பழுதானால் செலவு குறைவு, ஆபத்து பெரிது.

அப்புறம், புதுக் கட்டடம் கட்டினால் இந்தச் சுமை குறையும் என்று பலர் நினைக்கிறார்கள். பழையதை மூடாதவரை, பராமரிக்க இன்னொரு கட்டடம் கூடுகிறது, அவ்வளவுதான்.