இன்ஸ்டால் செய்தாகிவிட்டது, பிறகும் ஏன் "நோ மாட்யூல் நேம்ட்"?

இந்த முறை வந்த கேள்விகளில் பலவும் ஒரே சிவப்பு வரியைப் பற்றியவை. பைத்தான் கற்க ஆரம்பித்த எல்லோரும் முதல் வாரத்திலேயே பார்த்துவிடுகிற அந்த "மாட்யூல் நாட் ஃபவுண்ட் எரர்". இம்போர்ட் என்று எழுதி நம் நிரலுக்குள் சேர்த்துக்கொள்கிற வேறொரு நிரல்தான் மாட்யூல், அது கிடைக்காதபோது வருகிற வரி இது. அதனால் பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்கிவிட்டேன். கட்டளைகளை இங்கே தமிழ் எழுத்தில்தான் தந்திருக்கிறேன், கணினியில் தட்டும்போது ஆங்கிலச் சின்ன எழுத்தில் தட்டிக்கொள்ளுங்கள்.

கேள்வி: பிப் (பைத்தான் மாட்யூல்களை இறக்கும் கருவி) மூலம் பாண்டாஸ் என்ற மாட்யூலை இன்ஸ்டால் செய்தேன், வெற்றி என்று வந்தது. மறுபடி இன்ஸ்டால் கொடுத்தால் "ஏற்கெனவே இருக்கிறது" என்கிறது. நிரலை ஓட்டினால் மட்டும் பாண்டாஸ் என்று எந்த மாட்யூலும் இல்லை என்கிறது. இரண்டில் எது பொய்?

பதில்: இரண்டுமே உண்மைதான் சொல்கின்றன, ஆனால் இரண்டு பேரும் வேறு வேறு ஆட்கள். அண்ணன் வீட்டில் சாமானை இறக்கிவிட்டுத் தம்பி வீட்டில் போய்த் தேடுகிற கதைதான் இது. ஒரே கணினியில் இரண்டு மூன்று பைத்தான் குடியிருப்பது சர்வசாதாரணம்: முன்பு எப்போதோ போட்ட 3.11, புதிதாக இறக்கிய 3.13, அனகோண்டா என்ற மென்பொருள் தொகுப்பு தன்னோடு கூட்டி வந்தது ஒன்று. ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக "சைட்-பேக்கேஜஸ்" என்று ஒரு ஃபோல்டர் உண்டு. பிப் இறக்குவதெல்லாம் அதற்குள்தான் போகும். ஒரு பைத்தானின் ஃபோல்டரை இன்னொன்று எட்டிக்கூடப் பார்க்காது. ஆக, அந்த எரருக்கு "உன் கணினியில் இது இல்லை" என்று பொருள் இல்லை, "நான் தேடும் இடங்களில் இல்லை" என்றுதான் பொருள். இந்த "நான்" யார் என்று கண்டுபிடித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

கண்டுபிடிக்க இரண்டு வரி போதும். நிரலின் தலையில், பாண்டாஸ் வரிக்கும் மேலே, "இம்போர்ட் சிஸ்" என்று ஒரு வரி, அடுத்து "பிரின்ட்" போட்டு அடைப்புக்குறிக்குள் "சிஸ்.எக்ஸிக்யூட்டபிள்". மேலே என்று சொன்னதைக் கவனியுங்கள், கீழே போட்டால் அந்த வரிக்கு வருவதற்குள் நிரல் விழுந்துவிடும். ஓட்டினால் எந்தப் பைத்தான் ஓடுகிறதோ அதன் முழு முகவரி வரும். இப்போது டெர்மினலில் (கட்டளை தட்டும் ஜன்னலில்) "பிப் --வெர்ஷன்" என்று தட்டுங்கள், பிப் எந்த ஃபோல்டரில் இருக்கிறது, எந்தப் பைத்தானுக்கு வேலை செய்கிறது என்று ஒரே வரியில் சொல்லும். முதலாவதில் "பைத்தான்313" என்றும் இரண்டாவதன் கடைசியில் 3.11 என்றும் இருந்தால், அவ்வளவுதான், திருடன் அகப்பட்டான்.

மருந்து, பிப்பைத் தனியாகக் கூப்பிடாமல் பைத்தான் வழியாகக் கூப்பிடுவது: "பைத்தான் -எம் பிப் இன்ஸ்டால் பாண்டாஸ்". இப்படிக் கொடுத்தால் எந்தப் பைத்தானைக் கூப்பிட்டீர்களோ அதன் வீட்டில்தான் சாமான் இறங்கும். சந்தேகத்துக்கே இடமில்லாமல் செய்ய வேண்டுமா? "பைத்தான்" என்ற சொல்லுக்குப் பதிலாக, மேலே பிரின்ட் ஆன முழு முகவரியையே ஒட்டிவிடுங்கள். முகவரிக்குள் இடைவெளி இருந்தால் இரட்டை மேற்கோளுக்குள் போட வேண்டும், பவர்ஷெல் (வின்டோஸில் கட்டளை தட்டும் ஒரு ஜன்னல்) என்றால் அதற்கு முன்னால் ஒரு "&" குறியும் வேண்டும். வின்டோஸில் எத்தனை பைத்தான் இருக்கிறது என்று பட்டியல் பார்க்க, பி, ஒய் என்ற இரண்டே எழுத்துக் கட்டளைக்குப் பின்னால் "-0" (பூஜ்யம்) போட்டுப் பாருங்கள், சிலருக்கு ஆச்சரியமே காத்திருக்கும்.

நிரல் எழுதும் மென்பொருளான விஎஸ் கோடில் இது இன்னும் அதிகமாக நடக்கிறது. டெர்மினலில் ஒரு பைத்தான், ஓட்டும் பொத்தானுக்குப் பின்னால் வேறு பைத்தான். பைத்தான் கோப்பு திறந்திருக்கும்போது ஜன்னலின் அடியில், வலது மூலையில் பைத்தானின் வெர்ஷன் எண் தெரியும். அதைச் சொடுக்கினால் எந்த இன்டர்ப்ரெட்டர் (அதாவது எந்தப் பைத்தான்) வேண்டும் என்று தேர்ந்தெடுக்கலாம். ஜூபிட்டர் நோட்புக்கில் எழுதுகிறவர்கள் டெர்மினலுக்குப் போகவே வேண்டாம், செல்லிலேயே பிப்புக்கு முன்னால் ஒரு "%" குறி போட்டு இன்ஸ்டால் செய்தால் அந்த நோட்புக் எதில் ஓடுகிறதோ அதிலேயே இறங்கும்.

கேள்வி: பகடை உருட்டும் சின்ன நிரல். ராண்டம் மாட்யூல் பைத்தானோடு சேர்ந்தே வருவது என்று படித்தேன், ஆனால் "ராண்டமில் ராண்டின்ட் இல்லை, பாதிதான் தொடங்கியிருக்கிறது, சர்க்குலர் இம்போர்ட்டாக இருக்கலாம்" என்று என்னென்னவோ வருகிறது. பைத்தானை அழித்துவிட்டுத் திரும்ப இன்ஸ்டால் செய்தும் பயனில்லை.

பதில்: உங்கள் கோப்பின் பெயர் என்ன? கேள்வியில் சொல்லவில்லை, ஆனாலும் ராண்டம்.பை என்றுதான் வைத்திருப்பீர்கள் என்று பந்தயம் கட்டுவேன்.

"இம்போர்ட் ராண்டம்" என்றதும் பைத்தான் ஒரு வரிசைப்படித் தேடுகிறது. அந்த வரிசையில் முதல் இடம், ஓடிக்கொண்டிருக்கும் நிரல் இருக்கிற ஃபோல்டர். அதற்கப்புறம்தான் பைத்தானோடு வந்த மாட்யூல்கள், கடைசியில் சைட்-பேக்கேஜஸ். முதல் இடத்திலேயே ராண்டம் என்ற பெயரில் ஒரு கோப்பு கிடைத்துவிட்டதால் அதோடு திருப்திப்பட்டுத் தேடுவதை நிறுத்திவிடுகிறது. அது உங்கள் கோப்புதான்! தன்னைத்தானே இம்போர்ட் செய்துகொண்டு, தனக்குள்ளேயே ராண்டின்ட் என்ற ஃபங்ஷனைத் தேடி, இல்லை என்று கையை விரிக்கிறது. பைத்தானை நூறு முறை அழித்துப் போட்டாலும் தீராது, ஏனென்றால் கோளாறு பைத்தானில் இல்லை.

பகடை.பை என்பது போல ஆங்கிலத்தில் வேறு பெயர் வையுங்கள், முடிந்தது. "பைகேஷ் ஃபோல்டரையும் (பைத்தான் தானாகவே நகல்களைச் சேமிக்கும் இடம்) அழி" என்று யாராவது சொல்வார்கள். பைத்தான் 3-இல் மூலக்கோப்பு போய்விட்டால் அந்த ஃபோல்டருக்குள் கிடக்கும் பழைய நகலை அது எடுப்பதில்லை, அதனால் அழிக்காவிட்டாலும் குற்றமில்லை. 2024-இல் வந்த 3.13 முதல் எரர் செய்தியிலேயே "இந்தக் கோப்பின் பெயரை மாற்றிப் பாருங்கள்" என்று குறிப்புக் கொடுக்கிறார்கள். இதே தவறில் என்னுடைய ஒரு ஞாயிற்றுக்கிழமையும் போயிருக்கிறது: ஈமெயில்.பை என்று பெயர் வைத்துவிட்டு, "ஈமெயில்.மைம் என்று மாட்யூல் இல்லை, ஈமெயில் ஒரு பேக்கேஜ் அல்ல" என்ற வரியை நாள் முழுக்க முறைத்துக்கொண்டிருந்தேன். பேக்கேஜ் என்றால் மாட்யூல்கள் அடங்கிய ஃபோல்டர். அந்த "பேக்கேஜ் அல்ல" என்ற பின்குறிப்பு வந்தாலே முதலில் உங்கள் ஃபோல்டரைத் திறந்து கோப்புகளின் பெயர்களைப் பார்த்துவிடுங்கள். டர்ட்டில், டேட்டைம், கோட், டெஸ்ட் எல்லாமே இப்படி மாட்ட வைக்கும் பெயர்கள்.

கேள்வி: நானே எழுதிய ஹெல்பர்.பை கோப்பை மெயின்.பை கோப்பில் இம்போர்ட் செய்கிறேன். இரண்டும் ஒரே ஃபோல்டரில் கண்ணெதிரே இருக்கின்றன, ஆனாலும் ஹெல்பர் இல்லை என்கிறது.

பதில்: கண்ணெதிரே இருப்பதை நம்பாதீர்கள், குறிப்பாக வின்டோஸில். நோட்பேடில் எழுதிச் சேமித்திருந்தால் அதன் உண்மைப் பெயர் ஹெல்பர்.பை.டிஎக்ஸ்டி என்று இருக்கக்கூடும், பெயரின் வால் பகுதியை வின்டோஸ் வழக்கமாக மறைத்துவிடுவதால் உங்களுக்குத் தெரியாது. ஃபைல் எக்ஸ்ப்ளோரரில் "வியூ" மெனுவுக்குள் போய் ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ் என்பதை டிக் செய்தால் வேஷம் கலைந்துவிடும். அடுத்தது எழுத்து: கோப்பின் பெயரில் முதல் எழுத்து பெரியது, இம்போர்ட்டில் சின்னது என்றால் பைத்தான் ஏற்காது. வின்டோஸே இரண்டையும் ஒன்றாகப் பார்த்தாலும் பைத்தான் பார்க்காது.

இதெல்லாம் சரியாக இருந்து, ஹெல்பர் வேறு ஃபோல்டருக்குள் இருந்தால் கதை வேறு. முந்தைய பதிலில் சொன்னேனே, முதல் இடம் நிரல் இருக்கிற ஃபோல்டர் என்று. நீங்கள் டெர்மினலில் நிற்கிற ஃபோல்டர் அல்ல, ஓட்டுகிற கோப்பு கிடக்கிற ஃபோல்டர். இந்த ஒரு வித்தியாசம் புரியாமல்தான் பலரும் திண்டாடுகிறார்கள். ஆகவே ப்ராஜெக்ட் ஃபோல்டரில் மெயின், அதற்குள் டூல்ஸ் என்ற ஃபோல்டரில் ஹெல்பர் என்றால், மெயினிலிருந்து "ஃபிரம் டூல்ஸ் இம்போர்ட் ஹெல்பர்" என்றால் கிடைக்கும். ஆனால் டூல்ஸுக்குள் இருக்கும் ஒரு கோப்பை நேராக ஓட்டினால், அதற்கு வெளியே இருக்கும் மெயினின் ஃபோல்டர் தெரியவே தெரியாது. அப்போது ப்ராஜெக்ட் ஃபோல்டரில் நின்றுகொண்டு "பைத்தான் -எம் டூல்ஸ்.ஹெல்பர்" என்று ஓட்டுங்கள் (கடைசியில் .பை கிடையாது). -எம் போட்டால் மட்டும் நீங்கள் நிற்கும் ஃபோல்டர் முதல் இடத்துக்கு வந்துவிடும். சிஸ்.பாத் என்ற, பைத்தான் தேடும் இடங்களின் பட்டியலில் கையால் முகவரி சேர்க்கிற வழியும் உண்டு, அது அவசரத்துக்கு ஒட்டுப்போடுகிற வேலை, நான் சிபாரிசு செய்யமாட்டேன்.

கேள்வி: பாடத்தில் "இம்போர்ட் சிவி2" என்று இருக்கிறது. அதையே பிப்பில் கொடுத்தால் அப்படி ஒன்று கிடைக்கவே இல்லை என்கிறது.

பதில்: வீட்டில் கூப்பிடும் பெயர் ஒன்று, பதிவேட்டில் இருக்கும் பெயர் இன்னொன்று. சிவி2-வின் பதிவுப் பெயர் ஓப்பன்சிவி-பைத்தான், பிப்பில் அதைத்தான் கொடுக்க வேண்டும். இதே போல பிஐஎல் என்று (இது மட்டும் பெரிய எழுத்தில்) இம்போர்ட் செய்வதை பில்லோ என்று இன்ஸ்டால் செய்ய வேண்டும், பிஎஸ்4-க்கு பியூட்டிஃபுல்சூப்4, எஸ்கேலேர்ன் என்பதற்கு சைகிட்-லேர்ன், யாமல் என்பதற்கு பையாமல், டாட்என்வ் என்பதற்கு பைத்தான்-டாட்என்வ். இவற்றை ஊகித்துத் தட்டாதீர்கள். பைபிஐ என்ற பொதுக் கிடங்கில் யார் வேண்டுமானாலும் பேக்கேஜ் ஏற்றலாம், பிரபலமான பெயர்களில் ஓர் எழுத்தை மாற்றி விஷமச் சரக்கு வைத்த சம்பவங்கள் பலமுறை நடந்திருக்கின்றன. அந்த மாட்யூலின் அதிகாரபூர்வ ஆவணப் பக்கத்தில் இன்ஸ்டால் வரி இருக்கும், அதை அப்படியே நகலெடுங்கள்.

பழைய பாடத்தைப் பார்த்து எழுதுகிறீர்கள் என்றால் இன்னொரு வில்லங்கமும் உண்டு. பைத்தான் 2-இல் பெரிய எழுத்தில் தொடங்கிய டிகின்டர், 3-இல் முழுக்கச் சின்ன எழுத்து. யுஆர்எல்லிப்2 இப்போது யுஆர்எல்லிப்.ரிக்வெஸ்ட். 2023-இல் வந்த 3.12-இல் டிஸ்ட்யூட்டில்ஸ் நீக்கப்பட்டது, 3.13-இல் சிஜிஐ, டெல்நெட்லிப் உள்ளிட்ட 19 பழைய மாட்யூல்கள் ஒரேயடியாகப் போயின. பாடத்தில் தப்பில்லை, காலம் மாறிவிட்டது.

கேள்வி: லினக்ஸில் பிப் போட்டால் "எக்ஸ்டர்னலி மேனேஜ்டு என்விரான்மென்ட்" என்று தடுக்கிறது. கூடவே ஒரு "பிரேக் சிஸ்டம் பேக்கேஜஸ்" வழியும் காட்டுகிறது. அதைப் போடலாமா?

பதில்: பெயரிலேயே "உடை" என்று இருக்கிறதே! வேண்டாம். உபுன்டு, டெபியன் போன்றவற்றில் அந்தப் பைத்தானை இயங்குதளமே தன் வேலைக்கும் வைத்திருக்கிறது, அதில் கைவைக்காமல் உங்களுக்கென்று தனி அறை (விஎன்வ், அதாவது விர்ச்சுவல் என்விரான்மென்ட்) கட்டிக்கொள்ளுங்கள். ப்ராஜெக்ட் ஃபோல்டரில் "பைத்தான்3 -எம் விஎன்வ் .விஎன்வ்" கொடுத்து, பிறகு "சோர்ஸ் .விஎன்வ்/பின்/ஆக்டிவேட்" கொடுத்தால், டெர்மினல் வரியின் தொடக்கத்தில் அடைப்புக்குறிக்குள் .விஎன்வ் என்று வரும். அதற்கப்புறம் போடும் பிப் எல்லாம் அந்த அறைக்குள்தான். முதல் கட்டளையே மறுத்தால் பைத்தான்3-விஎன்வ் பேக்கேஜை ஏபிடி (உபுன்டு, டெபியனின் இன்ஸ்டால் கருவி) மூலம் சேர்த்துவிட்டு மறுபடி கொடுங்கள். மறுநாள் புதிய டெர்மினல் திறக்கும்போது ஆக்டிவேட்டை மறந்துவிட்டு "நேற்று ஓடியது, இன்று மாட்யூல் இல்லை என்கிறது" என்று எழுதுவீர்கள், அப்போது வரியின் தொடக்கத்தில் அந்த அடைப்புக்குறி இருக்கிறதா என்று பாருங்கள். டிகின்டர் மட்டும் பிப்பில் கிடைக்காது, உபுன்டுவிலும் டெபியனிலும் பைத்தான்3-டிகே என்ற பேக்கேஜை ஏபிடி மூலம் போட வேண்டும்.

கேள்வி: பிப் இன்ஸ்டால் என்று தட்டினாலே சின்டாக்ஸ் எரர் வருகிறது. என் கணினியில் பிப்பே இல்லையோ?

பதில்: தட்டிய வரிக்கு முன்னால் ">>>" என்று மூன்று அம்புக்குறி இருக்கிறதா? அப்படியானால் நீங்கள் பைத்தானுக்குள்ளே உட்கார்ந்திருக்கிறீர்கள். "எக்ஸிட்()" கொடுத்து வெளியே வந்து தட்டுங்கள்.