இரண்டு கம்பி, ஒரு வில்

கேள்வி: என் மகள் மேற்கத்திய வயலின் கற்கிறாள். இரண்டு கம்பிகளைச் சேர்த்து வாசிக்கும் 'டபுள் ஸ்டாப்' பாடம் நடக்கிறது. தனித்தனியாக வாசித்தால் ட்யூனர் ஆப் சரி என்கிறது, சேர்த்தால் மட்டும் சில இடங்களில் அபஸ்வரமாகக் கேட்கிறது. ஏன்?
– வாசகி, மதுரை

பதில்: அவள் காது சரியாகத்தான் சொல்கிறது, அந்தப் பாடத்துக்கு மட்டும் ட்யூனரை மூடி வைக்கச் சொல்லுங்கள். மேற்கத்திய வயலினின் நான்கு கம்பிகள், தாழ்ந்த ஒலியிலிருந்து, ஜி, டி, ஏ, இ. டி கம்பியில் முதல் விரலை (ஆள்காட்டி விரலை) 'இ' ஸ்வரத்தில் வைத்து, ஏ கம்பியையும் சேர்த்து இழுத்தால் இனிக்கும்; விரலை அசைக்காமல் வில்லை மட்டும் மறுபக்கம் சாய்த்து ஜி கம்பியோடு சேர்த்தால் உறுத்தும். ஏ கம்பி 440 ஹெர்ட்ஸ், மற்றவை அதிலிருந்து சுத்தமான பஞ்சமத்தில் (ஸ-ப இடைவெளியில்) சேர்த்தவை என்றால், ஏ-யோடு ஒத்துப்போகும் 'இ' 330, ஜி-யோடு ஒத்துப்போகும் 'இ' சுமார் 326. ஆப் பியானோ கணக்கில் 329.6 என்று ஒரே இடத்தைத்தான் காட்டும். எனவே ஜி-யோடு வாசிக்கும்போது விரலைப் பிருடை (கம்பியை முறுக்கும் திருகாணி) பக்கமாக மயிரிழை தள்ள வேண்டும்.

எவ்வளவு தள்ளுவது? இதற்கு அருமையான வழி இருக்கிறது. இத்தாலியின் பதுவா நகரில் இருந்த வயலின் மேதை தார்த்தினி, 1754-இல் வெளியான தன் நூலில் 'மூன்றாவது ஒலி' பற்றி எழுதினார். இரண்டு ஸ்வரங்கள் சுத்தமாகச் சேரும்போது அவற்றின் வித்தியாசம் தனி ஒலியாகக் காதில் விழும். இங்கே 326-இலிருந்து ஜி-யின் சுமார் 196 போக 130, அதாவது ஜி கம்பிக்கும் கீழே, வயலினில் வாசிக்கவே முடியாத ஒரு 'சி'! அந்த முணுமுணுப்பு தெளிவாக நிலைத்தால் விரல் சரியான இடத்தில் இருக்கிறது. எட்ட உட்கார்ந்திருக்கும் உங்களுக்குக் கேட்காமல் போகலாம், தாடைக்கடியில் வயலினை வைத்திருப்பவளுக்குக் கேட்கும். கர்நாடக வயலினில் ஸ-ப இரண்டையும் ஒன்றாக இழுத்து, ஒலி அலையாமல் நிற்கும்வரை பிருடையைத் திருகுகிறோமே, அதே காதுதான் இதற்கும் வேண்டும்.

அப்புறம் வில். ஒரு கம்பி மட்டும் ஓங்கினால் அழுத்தத்தைக் கூட்ட வேண்டாம், முழங்கையின் உயரத்தை மாற்றினால் போதும்.

கேள்வி: நான்கு கம்பிகளையும் ஒரே நேரத்தில் வாசிக்க முடியுமா?
– வாசகர், திருச்சி

பதில்: சாதாரண வயலினில் நீடித்து வாசிக்க முடியாது, கம்பிகளைத் தாங்கும் 'குதிரை' எனும் மரத்துண்டு வளைந்திருக்கிறது. ஜெர்மன் இசையமைப்பாளர் பாக் 1720-இல் எழுதி வைத்த தனி வயலின் படைப்புகளில் நாலு ஸ்வர அடுக்குகள் வருகின்றன. பெரும்பாலும் கீழ் இரண்டைத் தொட்டுவிட்டு உடனே மேல் இரண்டுக்கு வில்லை உருட்டிவிடுவார்கள். நார்வேயின் ஹார்டாங்கர் ஃபிடிலில் குதிரை இன்னும் தட்டையாக இருக்கும், அதனால் அங்கே இரண்டு கம்பி சேர்ந்து ஒலிப்பதுதான் வழக்கமே.