அத்தையின் கையெழுத்து

கேள்வி: 1950-களில் கட்டப்பட்ட ஒற்றை இருக்கைப் பந்தயக் கார் ஒன்றை அப்பா எனக்கும் தம்பிக்கும் விட்டுச் சென்றிருக்கிறார். அந்த வகையில் உலகில் மிஞ்சியிருப்பவை மிகச் சில. ஸ்டியரிங் முதல் சக்கரம் வரை ஓர் உறுப்பைக்கூட மாற்றாமல் அப்பா காத்து வைத்திருந்தார். அவர் போன பிறகு ஆறு வருடங்களாக அது கொட்டகையில் நிற்கிறது. “ஓடாத பந்தயக் கார் பிணம்” என்கிறான் தம்பி. பழங்காலக் கார்ப் பந்தயத்தில் இறக்கத் துடிக்கிறான். அவனுக்கு முதுகுவலி என்பதால் அவன் மகன், 21 வயது, ஓட்டுவானாம். நானோ அருங்காட்சியகத்துக்குக் கொடுத்துவிடலாம் என்கிறேன். ஒரு மோதலில் அந்த அலுமினிய உடல் நசுங்கினால், அப்பா காலத்துப் பெயின்ட் உரிந்தால், திரும்பக் கிடைக்குமா? பந்தய விண்ணப்பத்தில் பாதி உரிமையாளரான நானும் கையெழுத்திட வேண்டும். காருக்கு எது நல்லது?

பதில்: தம்பியின் முதுகுவலியைச் சொல்ல வந்த இடத்தில்தான் அந்தப் பையன் உங்கள் கடிதத்தில் தலைகாட்டுகிறான். வயதை எழுதினீர்கள்; பெயரை எழுதவில்லை. அலுமினியம் நசுங்குமா, பெயின்ட் உரியுமா என்று கவலைப்பட்ட நீங்கள் அவனுக்கு என்ன ஆகும் என்று ஒரு சொல் கேட்கவில்லை. நீங்கள் அவனுக்கு அத்தை. படித்ததும் எனக்குக் கோபம் வந்தது. அதை மறைக்கப் போவதில்லை.

ஓட்டுவதா, நிறுத்தி வைப்பதா என்று உடன்பிறந்தவர்கள் மோதிக்கொள்ளும் கடிதங்கள் எனக்கு நிறைய வருகின்றன. இரண்டு பக்கமும் உலோகத்தைப் பற்றியே பேசும். உள்ளே உட்காரப் போகிறவன் யார் என்பது கடைசியில், போகிற போக்கில் வரும்.

அந்தக் காலத்தில் எஞ்சின் முன்னால் இருந்த பந்தயக் கார்களில் பெட்ரோல் டேங்க் பெரும்பாலும் வால் பகுதியில், ஓட்டுநரின் முதுகுக்கு நேர் பின்னால் இருந்தது. சீட் பெல்ட் கிடையாது. கவிழ்ந்தால் தலையைக் காக்கும் வளைவுக் கம்பி கிடையாது. தீயில் சிக்குவதைவிடத் தூக்கி எறியப்படுவதே மேல் என்று அன்றைய ஓட்டுநர்கள் பலர் நம்பினார்கள். ஃபார்முலா ஒன் பந்தயத்தில் வளைவுக் கம்பி கட்டாயமானது 1961-இல். எளிதில் கிழியாத ரப்பர் பை டேங்க் 1970-இல் வந்தது, சீட் பெல்ட் 1972-இல். இவ்வளவு தாமதமாக வந்த விதிகள் எத்தனை பேரைப் புதைத்த பிறகு வந்தன என்பதை அந்த விளையாட்டை நேசிக்கும் யாரும் அறிவார்கள். உங்கள் அப்பாவின் கார் இந்த எல்லா விதிகளுக்கும் முந்தியது.

“ஓர் உறுப்பைக்கூட மாற்றவில்லை” என்று பெருமையாக எழுதியிருக்கிறீர்கள். சேகரிப்பாளருக்கு அது பெருமைதான். பந்தயத்தில் ஓட்டப் போகிறவனுக்கு அதுவே ஆபத்து. ஸ்டியரிங் கம்பியிலும் சக்கர அச்சிலும் பல ஆண்டு அதிர்வில் உண்டாகும் மயிரிழை விரிசல் கண்ணுக்குத் தெரியாது. சாயம் ஊற்றியோ காந்தத் துகள் தூவியோ சோதித்தால்தான் வெளிப்படும். பிரேக் திரவம் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். சூடேறும்போது அந்த நீர் ஆவியானால் பெடல் மிதித்தபடியே தரைக்குப் போய்விடும். உள்ளே இருக்கும் ரப்பர் வளையங்களும் ஆறு வருடத்தில் இறுகியிருக்கும்.

2022 மே மாதம் மொனாக்கோவில், நிக்கி லாடா 1974-இல் ஓட்டிய ஃபெராரி 312பி3 காரை ஃபார்முலா ஒன் ஓட்டுநர் சார்ல்ஸ் லெக்லெர்க் ஓட்டினார். போட்டிகூட இல்லை, காட்சி ஓட்டம். லா ராஸ்காஸ் வளைவில் பிரேக் கைவிட்டது. கார் சுழன்று பின்புறமாகத் தடுப்பில் மோதியது. அவருக்குக் காயமில்லை. உலகின் மிகச் சிறந்த ஓட்டுநர்களில் ஒருவர், பிறந்து வளர்ந்த ஊரின் தெருக்கள், தேர்ந்த மெக்கானிக்குகள் பராமரித்த கார். உங்கள் கார் அதைவிட மூத்தது, கொட்டகையில் கிடந்தது. ஓட்டப் போகிறவனுக்கு 21 வயது.

அதைப் பந்தயத்துக்குத் தகுதியாக்க வேண்டுமானால் ஸ்டியரிங், அச்சு, சக்கரம், பிரேக் எல்லாவற்றையும் புதிதாகச் செய்ய வேண்டியிருக்கும். எது இருப்பதால் அது அரிய காரோ, அதையெல்லாம் கழற்றிப் போட்டால்தான் பையன் ஓரளவு பத்திரமாக ஓட்ட முடியும். இந்தக் கணக்கை உங்கள் தம்பி போடவில்லை. நீங்களும் போட்டுக் காட்டவில்லை.

தம்பி சொல்வதில் நியாயமே இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். நான் ஓட்டச் சொல்கிற கட்சி. நின்றே கிடக்கும் எஞ்சினில் பெட்ரோல் பிசினாகும், பழைய எண்ணெயின் அமிலம் பேரிங்கை அரிக்கும். அதன் சத்தமும் வாசனையும் கண்ணாடிக்குப் பின்னால் இருந்து யாருக்கும் கிடைக்காது. ஃபிலடெல்ஃபியாவில் உள்ள சிமியோன் அருங்காட்சியகம் தன் பந்தயக் கார்களைப் புதுப்பித்துப் பளபளப்பாக்காமல் வைத்திருக்கிறது. குறித்த நாட்களில் வெளியே கொண்டுவந்து பார்வையாளர்கள் முன் ஓட்டியும் காட்டுகிறது. எனக்குத் தெரிந்து இதைவிட நேர்மையான பாதுகாப்பு இல்லை.

ஓடுவது வேறு, போட்டியிடுவது வேறு. இங்கிலாந்தின் குட்வுட்டில் இரண்டையும் பார்க்கலாம். 1993 முதல் நடக்கும் விழாவில் கார்கள் ஒவ்வொன்றாகக் குன்றுப் பாதையில் ஏறுகின்றன. 1998-இல் தொடங்கிய ரிவைவல் என்ற பந்தய விழாவில் விலைமதிப்பற்ற கார்கள் ஒன்றோடொன்று உரசிக்கொண்டு போட்டியிடுகின்றன, நசுங்கவும் செய்கின்றன. இரண்டாவது கண்கொள்ளாக் காட்சி என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அங்கே நீங்கள் எத்தனை கவனமாக இருந்தாலும் பக்கத்துக் காரில் இருப்பவனின் அவசரம் உங்கள் கையில் இல்லை. மிகச் சிலவே மிஞ்சியிருக்கும் காரை அங்கே இறக்குவதை நான் ஏற்க மாட்டேன். தம்பிக்குப் போட்டிதான் வேண்டுமென்றால் நகல் ஒன்றைக் கட்டிக்கொள்ளட்டும். பென்ட்லி நிறுவனமே தன்னிடமுள்ள 1929-ஆம் ஆண்டு ‘புளோவர்’ என்ற பந்தயக் காரைப் பிரித்து லேசரால் அளந்து, அதே வடிவில் 12 புதிய கார்களைக் கட்டியது. நகல் என்றால் முகம் சுளிப்பவர்கள் உண்டு. சுளிக்கட்டும்.

இனி உங்களுக்கு. காரை அருங்காட்சியகத்துக்குக் கொடுத்துவிட்டால் தம்பியிடம் எதையும் நேராகச் சொல்ல வேண்டியதில்லை. அதனால்தான் அந்த யோசனை உங்களுக்கு இவ்வளவு பிடித்திருக்கிறது என்று சந்தேகப்படுகிறேன். “உன் மகனை நினைத்தால் எனக்குப் பயமாக இருக்கிறது” என்று சொல்ல ஓர் அக்காவுக்குப் பெயின்ட்டைத் துணைக்கு அழைக்க வேண்டுமா?

முதலில் பையனைத் தனியாகக் கூப்பிட்டுக் கேளுங்கள்: ஓட்ட ஆசையா, அப்பா சொன்னதால் தலையாட்டினாயா? அந்த வயதில் பல பிள்ளைகளுக்கு இந்த இரண்டுக்கும் வித்தியாசம் தெரிவதில்லை. அப்பாவிடம் சொல்ல முடியாததை அத்தையிடம் சொல்லலாம். வீட்டில் அத்தை என்று ஒருத்தி இருப்பது பின் எதற்கு?

ஆசைதான் என்றால், சீட் பெல்ட்டும் வளைவுக் கம்பியும் உள்ள இன்றைய காரில் ஒழுங்காகப் பயிற்சி எடுக்கட்டும். பழைய காரை ஒவ்வோர் அங்குலமாகச் சோதித்த பிறகு, காலியான தடத்தில் தனியாக, மிதமான வேகத்தில் அவன் ஓட்டட்டும். தாத்தாவின் கார், பேரன் ஓட்டுவதில் எனக்கு மகிழ்ச்சியே. அந்தப் பந்தய விண்ணப்பத்தில் மட்டும் கையெழுத்திடாதீர்கள். தம்பி எத்தனை மாதம் முகத்தைத் திருப்பிக்கொண்டாலும் சரி. பையன் “எனக்கு வேண்டாம் அத்தை” என்று சொன்னால், அதைத் தம்பியிடம் போய்ச் சொல்ல வேண்டியவர் நீங்கள். அவனை அனுப்பாதீர்கள்.