தேங்கா எண்ணெயும் வேணாம், ஸ்பிரிட்டும் வேணாம்: ரீட் டிஃப்யூசருக்கு எத ஊத்துறது?

திருமங்கலத்துல இருந்து ஒரு தங்கச்சி கேட்டுருக்காங்க. மாமியாருக்கு ஊதுபத்திப் புகை ஆகல, ஒரே இருமல், அதனால வீட்டுலயே ரீட் டிஃப்யூசர் (பாட்டில்ல குச்சி சொருகி வாசனை பரப்புறது) செஞ்சு பாத்துருக்காங்க, தேங்கா எண்ணெயில மல்லி வாசனை ஆயில கலந்து பிரம்புக் குச்சி சொருகி ஒரு வாரம் ஆச்சாம், பாட்டில் வாய்க்குள்ள மூக்க விட்டாத்தான் மணக்குதாம். கடைக்காரர் ஸ்பிரிட் ஊத்தச் சொல்றாராம், ஊத்தலாமா?

ஊத்தாதீங்க. மொதல்ல எண்ணெய் ஏன் சொதப்புச்சுன்னு பாத்துருவோம். பிரம்புக்குள்ள நீளவாக்குல முடி மாதிரி குழாய் இருக்கு, அது வழியா திரவம் ஏறி மேல வந்து காத்துல ஆவியாகணும். வெளக்குத் திரியில எண்ணெய் ஏறுதேன்னு நெனப்பீங்க, அங்க மேல வர்றத தீ எரிச்சுத் தீத்துடுது, அதனால அடுத்தது ஏறுது, இங்க தீயே கெடையாது, வந்த எண்ணெய் ஆவியாகாம குழாய அடைச்சுட்டு உக்காந்துக்கும்.

ஸ்பிரிட் இதுக்கு நேர் எதிர். அதுல இருக்குற ஆல்கஹால், அதாவது எத்தனால், 78 டிகிரியிலயே கொதிக்கும், நம்ம சித்திரை வெயில்ல பாட்டில் சீக்கிரமே காலியாயிரும், அது கூடப் பரவால்ல, 20 டிகிரிக்குக் கீழயே அதோட ஆவி தீப்பிடிக்கும், பக்கத்துல சாமி வெளக்கு எரிஞ்சா என்ன ஆகும்னு யோசிங்க. சில்லறையில வாங்குற ஸ்பிரிட்ல மெத்தனால் இருந்தா அது வேற தலவலி, விஷம்.

நான் சொல்றது டிபிஎம், அதாவது டைப்ரொபிலீன் கிளைகால் மெத்தில் ஈதர், வாசனை ஆயில கரைக்குற ஒரு திரவம். தண்ணி மாதிரி இருக்கும், கொதிநிலை சுமார் 190 டிகிரி, தீப்பிடிக்கிற நிலை 75 டிகிரி பக்கம், அதனால மெதுவா, சீரா போகும். டிபிஜின்னு (டைப்ரொபிலீன் கிளைகால்) இன்னொண்ணு இருக்கு, பேரு அண்ணன் தம்பி மாதிரி இருக்குறதால நெறய பேரு மாத்தி வாங்கிடுறாங்க, அது டிபிஎம்ம விட சுமார் 20 மடங்கு கொழகொழன்னு இருக்கும், தனியா ஊத்துனா குச்சியில ஏறவே சோம்பல்படும். ஆனா வெயில் காலத்துல டிபிஎம் சீக்கிரம் தீருதுன்னா அதுல கால் பங்க எடுத்துட்டு டிபிஜி சேக்கலாம், வேகம் கொறையும். ஆஜியோன்னு கிளிசரின்ல இருந்து செய்யிறதும் நல்லாருக்கும், வெல கேட்டுட்டு முடிவு பண்ணுங்க. ஐபிஎம் (ஐசோப்ரொபைல் மிரிஸ்டேட்) எண்ணெய் மாதிரிதான், ஆவியாகாம தங்கிடும், வேணாம். கிளிசரின்ல தண்ணி கலக்குற வீடியோவ நம்பாதீங்க, வாசனை எண்ணெய் மேல மெதந்துக்கிட்டுத்தான் கெடக்கும்.

அளவு 100 கிராமுக்கு 25 கிராம் வாசனை ஆயில், 75 கிராம் டிபிஎம், தராசுல நிறுத்து கலங்க. ஒரு நாள் விட்டுப் பாருங்க, கலங்கலா தெரிஞ்சா அந்த ஆயில் சேரலன்னு அர்த்தம். மலிவு அத்தர்ல லிக்விட் பாரபின் கலந்திருப்பாங்க, டிபிஜி சேத்தீங்கன்னா அது அதோட ஒட்டவே ஒட்டாது. நெசமான மல்லிப்பூவ ஊறப்போடலாமான்னு கேக்காதீங்க, வேணாம்.

வாரம் ஒரு தடவ பாட்டில நிறுத்து எழுதி வைங்க, எடை கொறையவே இல்லன்னா குச்சிதான் அடைச்சிருக்கு, புதுசு மாத்துங்க. மூங்கில் குச்சி வேணாம், கணு வந்து தடுத்துடும். பாட்டிலுக்கு அடியில ஒரு பீங்கான் தட்டு கண்டிப்பா வைங்க, டிபிஎம் சிந்துனா மேசை வார்னிஷ் உரிஞ்சுரும், எங்க வீட்டுத் தேக்கு ஸ்டூல்ல அந்த வட்டம் இன்னும் இருக்கு.