நிண்டு ரேஸ் பண்ணினா ஏறாத பூஸ்ட், ஏத்தத்தில ஏறுறது ஏன்?

கேள்வி (செங்கலடி வாசகர் ஒருவர்): அண்ணன், நான் டேர்போ டீசல் வேன் ஒண்டு ஹயர் ஓடுறன். போன மாசம் பூஸ்ட் கேஜ் (டேர்போ எஞ்சினுக்குள்ள நெருக்கித் தள்ளுற காத்தோட அழுத்தத்தை பிஎஸ்ஐ அளவில காட்டுற மீட்டர்) பூட்டினன். நியூட்ரல்ல வச்சு அக்சிலேட்டர மிதிச்சா 3000 ஆர்பிஎம் போனாலும் முள்ளு 2 பிஎஸ்ஐக்கு மேல போகுதில்ல, ஆனா பதுளை ரோட்டில லுணுகலை ஏத்தம் ஏறக்குள்ள 2000லயே 15 காட்டுது. கராஜ்ல டேர்போ போயிட்டு, மாத்தோணும் எண்டுறாங்க. மாத்தவா?

பதில்: மாத்தாதீங்க தம்பி! ஏத்தத்தில 15 காட்டுற டேர்போ போன டேர்போ இல்ல, உங்கட கேஜ் சரியாத்தான் காட்டுது.

எஞ்சின் வேகமாச் சுத்தினா டேர்போவும் வேகமாச் சுத்தும் எண்டுதான் கனபேர் நினைக்கிறாங்க, ஆனா ஆல்டர்னேட்டருக்கு இரிக்கிற மாதிரி டேர்போவுக்கு பெல்ட்டும் இல்ல, பல்லுச்சில்லும் இல்ல. அதைச் சுத்துறது எஞ்சின் எரிச்சு வெளிய தள்ளுற புகை மட்டும்தான். சுவிஸ்காரர் அல்பிரட் பியூகி 1905ல பேட்டன்ட் எடுத்ததும் இந்த யோசனைக்குத்தான், சைலன்சரால சும்மா போற சூட்டைப் பிடிச்சு வேலை வாங்குறது.

நியூட்ரல்ல எஞ்சினுக்கு என்ன வேலை இரிக்கு, தன்னைத் தானே சுத்துறதுதான், அதுக்கு கொஞ்சூண்டு டீசல் போதும், புகையில சூடும் இல்ல தள்ளுற பலமும் இல்ல. ஏத்தத்தில ஆக்களும் சாமானும் ஏத்திக்கொண்டு மிதிக்கக்குள்ள டீசல் அள்ளிக் கொட்டுது, புகை 600 டிகிரிக்குக் கிட்டப் போகும், அந்தச் சூட்டுக் காத்து டேர்பைன் சில்லில அடிச்சு அதை நிமிசத்துக்கு ஒரு லட்சம் தரத்துக்கு மேல சுத்த வைக்கும். அதே தண்டில மத்தப் பக்கம் இரிக்கிற கம்ப்ரசர் சில்லும் அதே வேகத்தில சுத்தும்.

அந்த கம்ப்ரசர் புதுசா ஒண்டும் இல்ல, வெள்ளாமைக்குத் தண்ணி இறைக்கிற வாட்டர் பம்ப கழட்டிப் பாத்திருப்பீங்கதானே, அதேதான். நடுவால உள்ள வாறதை சில்லு ஓரத்துக்கு வீசி எறியும், வெளிய நத்தை ஓடு மாதிரி வரவர அகலமாகிற கூடு, அதுக்குள்ள வேகம் குறையக் குறைய அது அழுத்தமா மாறும். பம்புல தண்ணி, இதுல காத்து, அவ்வளவுதான்.

இப்ப கணக்கைப் பாருங்க. 3 லீட்டர் எஞ்சின் ரெண்டு சுத்துக்கு ஒருக்காத்தான் முழுசா காத்து இழுக்கும், 2000 ஆர்பிஎம்ல நிமிசத்துக்கு 3000 லீட்டர் வரும். டேர்போ அதைவிடக் கூட அனுப்பினா மிச்சம் எங்க போறது? எஞ்சின் அதே வேகத்திலதான் விழுங்கும், அப்ப காத்து வாசல்ல நெருக்கிக்கொண்டு நிக்கும், அந்த நெருக்கம்தான் கேஜ்ல நீங்க பாக்கிற பூஸ்ட். 15 பிஎஸ்ஐ எண்டா வெளிய இரிக்கிற காத்தழுத்தம் அளவுக்கு இன்னொரு பங்கு. ஆனா நெருக்கின காத்து 100 டிகிரிய தாண்டிச் சூடாகும், சூட்டுக்காத்து விரிஞ்சு இடத்த அடைக்கும், அதனாலதான் நடுவுல காத்தை ஆத்துற இன்டர்கூலர். காத்துக் கூடினா டீசல் கூட எரிக்கலாம், டீசல் கூடினா புகை கூடும், புகை கூடினா டேர்போ இன்னும் வேகம், இப்பிடியே சுத்திச் சுத்தி ஏறும், மிதிச்ச உடன இழுக்காம கொஞ்சம் சுணங்குறதும் இதாலதான். அளவு மீறாமப் பாக்க சில டேர்போவுல புகைய ஒதுக்கி விடுற சின்னக் கதவு இரிக்கும், இப்பத்தைய டீசல்கள்ல கனதுல டேர்பைனுக்குப் புகை போற வழிய மாத்துற அசையிற தகடுகள்.

மறுகா ஒரு நாள் ஏத்தத்திலயும் 15 போகாம 7, 8ல நிண்டு கறுப்புப் புகை தள்ளினா, அப்பவும் முதல்ல டேர்போவக் கழட்ட விடாதீங்க. வாழைச்சேனைப் பக்கத்து வேன் ஒண்டு எங்கட கராஜுக்கு இப்பிடித்தான் வந்திச்சு, வேற இடத்தில டேர்போவே மாத்தியாச்சு, புகை மட்டும் அப்பிடியே. இன்டர்கூலருக்குப் போற ஹோஸுக்கு அடிப்பக்கமா கைய விட்டுத் தடவினன், கிளிப்புக்குக் கிட்ட ஒட்டின தூசி எண்ணெய் ஊறிப் பிசுபிசுத்திச்சு, அதைத் துடைச்சா நகத்தளவு வெடிப்பு. சும்மா நிக்கக்குள்ள வாய மூடிக்கொண்டு கிடக்கும், அழுத்தம் வந்தா மட்டும் திறக்கும், அதால ஆருக்கும் தெரியல்ல. ஒரு ஹோஸ் துண்டுக்காக அந்த மனிசன் மாசக்கணக்கா உழைச்ச காசு போயிட்டு, எனக்கு இண்டைக்கும் அது வயிறெரியுது. ஹோஸ், கிளிப், இன்டர்கூலர், அந்தக் கதவை இல்லாட்டி தகட்ட அசைக்கிற வேக்கம் பைப் எல்லாம் பாத்து முடிச்சாப் பிறகுதான் டேர்போ.

கேள்வி (சம்மாந்துறை வாசகர்): ஓடி வந்த உடனே எஞ்சின நிப்பாட்டினா டேர்போ பழுதாகுமா?

பதில்: பாரத்தோட ஏத்தம் ஏறி வந்து உடன நிப்பாட்டினா கூடாதுதான். அந்தத் தண்டு எண்ணெய்ப் படலத்தில மிதந்துதான் சுத்துது, எஞ்சின் நிண்டா எண்ணெய் பம்பும் நிண்டிரும், உள்ள மிஞ்சின எண்ணெய் சூட்டில கரிஞ்சு ஒட்டும். ஒரு நிமிசம் ஐட்லிங்ல விடுங்க. கல்முனை ரோட்டால மெதுவா ஊர்ந்து வீட்ட வந்தா அதுவும் தேவல்ல, வாற வழியிலயே ஆறியிரிக்கும். எண்ணெய் மட்டும் நாள் தப்பாம மாத்துங்க.