கேஸ் கீசர் பற்றவில்லையா?

கேள்வி: குழாயைத் திறந்தால் கேஸ் கீசர் பற்றுவதே இல்லை. சிலிண்டரில் கேஸ் இருக்கிறது. என்ன செய்வது?
– வாசகி, திருப்பூர்

பதில்: முதலில் காதைக் கொடுங்கள். குழாயைத் திறந்ததும் 'டிக் டிக்' சத்தம் கேட்கிறதா?

கேட்கவில்லை என்றால் பேட்டரியைப் பாருங்கள். பெரும்பாலான மாடல்களில் 1.5 வோல்ட் பெரிய செல் 2 இருக்கும். இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள். அப்படியும் சத்தமில்லையா? பெரும்பாலும் தண்ணீர் அழுத்தம் போதவில்லை என்று அர்த்தம். கீசருக்குள் ஒரு ரப்பர் டயாஃப்ரம் உண்டு. தண்ணீர் அதைத் தள்ளினால்தான் சுவிட்ச் இயங்கி, பொறியும் கேஸும் வரும். உப்புத் தண்ணீர் ஊர்களில் தண்ணீர் நுழையும் இடத்து வலை அடைத்துக்கொள்வதுதான் அடிக்கடி நடப்பது. கேஸையும் தண்ணீரையும் மூடிவிட்டு, வலையைக் கழற்றி வினிகரில் ஊறவைத்துத் தேயுங்கள். டயாஃப்ரம் கிழிந்திருந்தால் மெக்கானிக்தான் மாற்ற வேண்டும்.

சத்தம் வந்தும் பற்றவில்லை என்றால் பெரும்பாலும் கேஸ் வரவில்லை. ரெகுலேட்டரைப் பாருங்கள். சிலிண்டர் மாற்றிய கையோடு என்றால் ட்யூபில் காற்று இருக்கும். குழாயை மூன்று நான்கு முறை திறந்து மூடினால் சரியாகும்.

பற்றி உடனே அணைந்தால், தீயை உணரும் கம்பியில் கரி படிந்திருக்கலாம்.

கேஸ் வாடை வந்தால் எந்த சுவிட்சையும் தொடாதீர்கள். ரெகுலேட்டரை மூடி, ஜன்னல்களைத் திறந்து, வெளியே வந்து கேஸ் கசிவுக்கான அவசர உதவி எண் 1906-ஐ அழையுங்கள். கீசர் குளியலறைக்குள் இருந்தால் தயவுசெய்து வெளியே மாற்றுங்கள். கேஸ் எரியும்போது உருவாகக்கூடிய கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயுவுக்கு வாடையே கிடையாது.